வால்வுக்குக் கீழே ஈரம்

ஹார்டுவேர் கடைக்கு நான் காந்தம் எடுத்துக்கொண்டு போனேன். பித்தளை என்று சொல்லி, உள்ளே இரும்பை வைத்து, மேலே முலாம் பூசி விற்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கடைக்காரர் எடுத்து வைத்த வால்வு, நிப்பிள், குழாய் எல்லாவற்றின் மீதும் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். எதிலும் ஒட்டவில்லை. ஒட்டாததுதான் எனக்கு உறுத்தியது. காந்தத்தைப் பார்த்துவிட்டு எனக்கு மட்டும் நல்ல சரக்கைப் பொறுக்கிக் கொடுத்தார் என்றால், காந்தம் இல்லாமல் வருகிறவர்களுக்கு எதைக் கொடுத்து அனுப்புகிறார்?

எந்த வீட்டுக்கு என்று கேட்டார். வீட்டுக்கு இல்லை, ஒரு வண்டிக்கு என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. வெள்ளை நாடாச் சுருள் ஒன்றைச் சாமான்களோடு சேர்த்து வைத்தார்.

"மரையில இத்த பத்து சுத்து சுத்திட்டு முடுக்குங்க. ஒழுவாது."

வெங்காயச் சருகைவிட மெல்லிய நாடா அது. தண்ணீரின் அழுத்தத்தை இது தடுக்கும் என்று நம்பச் சொல்கிறார். நான் மேடையில் எதிரணியின் வாதத்தைக் கேட்டுச் சிரிப்பதுபோல் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சுருளை மேசை இழுப்பறையில் போட்டேன்.

அந்த வண்டி எதற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அது என் அப்பாவுக்காக.

நான் பட்டிமன்றப் பேச்சாளர். கல்லூரியில் தொடங்கியது, இப்போது கோயில் திருவிழாக்களிலும் ஆண்டு விழாக்களிலும் பேசுகிறேன். ஆரணியில் பட்டுத்தறி நெய்யும் என் அப்பா, நான் பேசிய ஒவ்வொரு மேடைக்கும் எதிரே முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். தோளில் ஒரு துண்டு. நான் அளவாகப் பேசும்வரை அது இடது தோளில் கிடக்கும். நேரத்தைத் தாண்டுகிறேன் என்றால் வலது தோளுக்கு மாற்றுவார். நடுவர் மணியடிக்கும் முன்பே நான் முடித்துவிடுவதாக என்னைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள். அந்தப் பாராட்டில் பாதி அந்தத் துண்டுக்கு உரியது.

ஒன்றரை வருடத்துக்கு முன் அவருக்குக் குடலில் இருந்த கட்டியை எடுத்தார்கள். எடுத்த பிறகு வயிற்றின் இடப்பக்கத்தில் ஒரு வழி வைத்து, அதன் மேல் பை ஒன்றை ஒட்டி அனுப்பினார்கள். மலம் அந்தப் பையில் வந்து சேரும். அதைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை காலி செய்து, கழுவி, சுற்றியுள்ள தோலை வெதுவெதுப்பான நீரில் துடைக்க வேண்டும். வீட்டில் அதற்கு இடமும் தண்ணீரும் தாழ்ப்பாளும் இருந்தன. வெளியூரில் எங்கே இருக்கின்றன? திருவிழா நடக்கும் கிராமத்தில் பேச்சாளர்களுக்கே பள்ளிக்கூடத்துக் கழிப்பறையைத் திறந்துவிட்டால் உண்டு. அதிலும் குழாயைத் திருகினால் காற்றுதான் வரும். அதனால் அப்பா வருவதை நிறுத்திவிட்டார். நிறுத்திவிட்டேன் என்று சொல்லவும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னார். வெயில் என்றார், தறியில் வேலை என்றார், பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார். அந்தப் பையைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் அறிந்ததெல்லாம் அம்மா சொல்லி அறிந்ததுதான்.

வந்தவாசி சாலையில் சிக்கன் பக்கோடா விற்ற ஒருவர் கடையை மூடிவிட்டு, ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் தன் ட்ரெய்லரை விற்பதாகக் கேள்விப்பட்டதும் எனக்கு அந்த எண்ணம் வந்தது. தகரக் கூரை, தகரச் சுவர், பின்பக்கம் ஒரு கதவு. உள்ளே கட்டிலும் கழிப்பறையும் வைத்தால் அது நகரும் அறை. நான் செல்லும் இடமெல்லாம் அப்பாவின் கழிப்பறையும் பின்னால் வரும். ஆடி மாதத்தில் வெம்பாக்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எனக்கு மேடை இருந்தது. அன்று அப்பா எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குள் வண்டியில் தண்ணீர் ஓட வேண்டும்.

பிளம்பரைக் கூப்பிடலாம் என்றாள் அம்மா. நான் மறுத்தேன். பிளம்பர் வந்தால் இது யாருக்கு, எதற்கு என்று கேட்பார்; கேட்டதை அடுத்த வீட்டில் சொல்வார். அப்பாவின் வயிற்றைப் பற்றி ஊர் பேசுவதை நான் விரும்பவில்லை. அது மட்டுமே காரணம் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. காணொளிகளைப் பார்த்து, படம் போட்டு, அளவெடுத்து, என்னால் முடியும் என்று நான் நம்பினேன்.

எங்கள் தெருவில் ட்ரெய்லர் திரும்பாது. ஆகவே சித்தப்பாவின் சாயப்பட்டறை முற்றத்தில் நிறுத்தினோம். பட்டறை எங்கள் வீட்டுக்குப் பின்புறம். இழுக்கும் ஜீப்பும் அவருடையதுதான். முதல் நாளே அவர் வண்டியைச் சுற்றி வந்து மோந்து பார்த்தார்.

"இன்னா பாப்பா, ஊரெல்லாம் மைக்கு புடிச்ச கையில இப்ப கொழா புடிக்கப் போறியா?"

பட்டறையில் வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். நான் அந்தச் சிரிப்பைக் குறித்து வைத்துக்கொண்டேன். அதற்கு முந்தைய மாதம், உடம்பு முடியாதவன் வீட்டோடு கிடப்பதுதான் மரியாதை என்று அவர் யாரிடமோ சொன்னதும் என் காதில் விழுந்திருந்தது. அதையும் குறித்து வைத்தேன்.

கூரையின் மேல் நூறு லிட்டர் தொட்டி. தொட்டியின் அடியில் துளையிட்டுப் பித்தளை நிப்பிள், இருமுனையிலும் மரை வெட்டிய சிறு குழாய். அதற்குக் கீழே, கூரைக்கு உட்புறம், வால்வு. வால்விலிருந்து வெந்நீர் தாங்கும் குழாய் சுவரோரமாக இறங்கி, ஒரு கிளை கை கழுவும் தொட்டிக்கும், இன்னொரு கிளை கழிப்பறைக்குப் பக்கத்தில் அப்பா கழுவிக்கொள்வதற்கான கை ஷவருக்கும் போயிற்று. கழிவு எல்லாம் தரைக்கு அடியில் கட்டிய மூடிபோட்ட டிரம்மில் விழும். குழாயோடு குழாய் சேரும் இடங்களைப் பசை தடவி ஒட்டினேன். பித்தளை மரைகள் மட்டும் மீதி. அங்கே எதையாவது சுற்றித்தான் முடுக்க வேண்டும்.

அந்த வெள்ளை நாடாவை நான் நம்பவில்லை. பழைய பிளம்பர்கள் மரையில் சணலைச் சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். சணலைச் சுற்றலாம் என்றால் பட்டு நூலைச் சுற்றினால் என்ன? பட்டா பருத்தியா என்று ஒரு கல்லூரியில் வாதிட்டபோது, ஒரே கனத்தில் எடுத்தால் இரும்புக் கம்பிக்குப் பட்டு இழை இளைத்ததில்லை என்று சொல்லி அரங்கைக் கைதட்ட வைத்தவள் நான். சித்தப்பாவின் பட்டறையில் கச்சாப் பட்டு நூல் சிட்டங்கள் கொக்கியில் தொங்கின. மஞ்சள் பாய்ந்து, பூச்சி கக்கிய பசை போகாமல், விறைப்பாக இருக்கும் பட்டு. அறுந்து விழுந்த இழைகளை ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டேன். மரையில் சுற்றும்போது அது வழுக்கவில்லை, ஒட்டிப் பிடித்தது. ஊசியில் நூல் கோப்பதுபோல் கவனமாகச் சுற்றி, ஸ்பானரால் முடுக்கினேன். தொட்டியை நிரப்பி, ஒவ்வொரு இணைப்பின் கீழும் செய்தித்தாள் துண்டு வைத்து ஒரு பகல் முழுவதும் காத்திருந்தேன். தாள்கள் காய்ந்தே இருந்தன.

அப்பாவிடம் சொன்னேன். நான் எதிர்பார்த்ததற்கு மாறாக அவர் தயங்கவில்லை. நாளைக்கு ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்கிறேன் என்றார்.

வண்டியில் பக்கோடா எண்ணெயின் வாடை போகவில்லை. அப்பாவின் தோல் புண்ணாகிவிடக் கூடாது என்பதால் சுத்தத்தில் நான் கண்டிப்பாக இருந்தேன். அவர் வரப்போகும் நாளுக்கு முந்தைய மாலை, சாயப்பட்டறை அண்டாவிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெந்நீர் எடுத்து, அங்கேயே இருந்த சலவைச் சோடாவும் சவுக்காரமும் கரைத்து, தொட்டியில் ஊற்றிக் குழாய்களுக்குள் நிறைத்து வைத்தேன். விடிந்ததும் அதை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினேன்.

அப்பா வந்தார். உள்ளே போய்த் தாழ் போட்டார். வெகு நேரம் கழித்து வெளியே வந்தபோது வேட்டியின் ஓரம் நனைந்திருந்தது.

"கீழ எல்லாம் ஈரமா கீதும்மா. பரவால்ல, இன்னொரு நாளு பாத்துக்கலாம்."

வால்வின் அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. கழற்றி, அவசரத்தில் பழைய பட்டைப் பிய்த்தெறிந்து, புதிய பட்டை இன்னும் அதிகமாகச் சுற்றி முடுக்கினேன். இரண்டு நாள் தாள் வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. மீண்டும் அப்பாவை அழைத்தேன், முந்தைய மாலை மீண்டும் சோடாத் தண்ணீர் ஊற்றிச் சுத்தம் செய்தேன், மறுநாள் அப்பா உள்ளே போனார், தரை மீண்டும் நனைந்தது.

நான் சோதிக்கும்போது காய்ந்திருக்கிறது. அப்பா வரும்போது நனைகிறது. இணைப்புக்கு ஆள் பார்த்து ஒழுகத் தெரியாது. ஆகவே யாரோ ஒருவரின் கை அதில் இருக்கிறது. என் முதல் முடிவு அதுதான். பட்டறைச் சாவி சித்தப்பாவிடம் இருந்தது. முற்றத்தை வண்டி அடைத்துக்கொண்டிருப்பதால் சிட்டம் காயவைக்க இடமில்லை என்று அவர் முணுமுணுத்திருந்தார். கூடவே அந்தச் சிரிப்பு, மரியாதையைப் பற்றிய அந்தப் பேச்சு. நான் வண்டிக்குப் புதுப் பூட்டு வாங்கினேன். ஏற்கெனவே சித்தப்பாவிடம் இருந்த, வண்டிக் கதவின் மாற்றுச் சாவியையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று அவர் கேட்டார். பாதுகாப்புக்கு என்றேன்.

"கக்கூஸ எவன் திருடிகினு போவப் போறான்?" என்றார்.

அத்தோடு நிற்கவில்லை. மறுபடி புதுப் பட்டைச் சுற்றி முடுக்கியபின், வால்வின் நட்டும் குழாயும் சந்திக்கும் இடத்தில், நகப் பாலிஷால் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டேன். நட்டை ஒரு இம்மி திருப்பினாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாம் முறையும் எல்லாம் அதே வரிசையில் நடந்தன. சோதித்தேன், காய்ந்திருந்தது. சுத்தம் செய்தேன். பூட்டினேன், சாவியை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் அப்பா உள்ளே போனார். ஈரம்.

சிவப்புக் கோடு விலகாமல் நேராக இருந்தது. யாரும் நட்டைத் தொடவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. என்னிடம் இப்படி ஒரு சான்றை எதிரணி நீட்டியிருந்தால் தலைவணங்கியிருப்பேனா? இல்லை. அதைத் திருப்பி அவர்கள் மீதே எறிய வழி தேடியிருப்பேன். அன்றும் அதையே செய்தேன். பூட்டிய வண்டிக்குள், தாழ் போட்டுக்கொண்டு, தனியாக இருந்தவர் ஒருவர்தான். தேடியபோது என் ஸ்பானர் கருவிப் பெட்டியில் இல்லை; அப்பாவின் தறிப்பலகையில், துண்டுக்கு அடியில் இருந்தது. அறுந்த பாவு நூலை ஆயிரம் இழைக்குள் தேடி, நூலுக்கு நூல் சேர்த்து முடிச்சுப் போட்டவர் அவர். ஒரு நகப் பாலிஷ் கோட்டைப் பிரித்து மறுபடி நேராகச் சேர்ப்பது அவர் கைக்கு என்ன பெரிய வேலை? அவருக்கு வர விருப்பமில்லை. அதை என்னிடம் சொல்லவும் மனமில்லை. ஆகவே வண்டியைச் சொல்லவைக்கிறார்.

இந்த வாதத்தில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரியாததில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன், அப்பா தறியில் உட்கார்ந்திருக்கும்போது அவர் எதிரே நின்று பேசினேன். ஸ்பானரைக் காட்டினேன். பூட்டைச் சொன்னேன், கோட்டைச் சொன்னேன். வருவதற்கு இஷ்டமில்லை என்றால் நேராகச் சொல்லியிருக்கலாம், இப்படி என் உழைப்பைக் கெடுத்திருக்க வேண்டியதில்லை என்று முடித்தேன். என் குரல் மேடைக் குரலாகிவிட்டதை, அடுக்களையிலிருந்து அம்மா வந்து வாசற்படியில் நின்றபோதுதான் கவனித்தேன்.

அப்பா ஊடை நூல் ஓட்டும் தறி நாடாவைக் கீழே வைத்தார். துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"ஸ்பானர் நான்தான் எடுத்தேன். முடுக்கிப் பாக்கலாம்னு எடுத்தேன். உள்ள போயி பாத்தா நீ செவப்பா கோடு போட்டு வச்சிருக்க. தொட்டா நம்ம மேல பழி வரும்னு தொடாம வந்துட்டேன்."

நான் ஸ்பானரைத் தறிப்பலகையில் திரும்ப வைத்தேன்.

"எந்நேரமும் வயித்துல பை ஒழுவுமோ ஒழுவுமோன்னு தொட்டுத் தொட்டுப் பாத்துகினு இருக்கறவன் நானு. நானா போயி இன்னொரு எடத்துல ஒழுவ வப்பேன்?"

அந்தப் பையைப் பற்றி அவர் என்னிடம் பேசிய முதல் சொற்கள் அவை. அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா தறி நாடாவை மறுபடி எடுத்தார். ஆனால் தறியை மிதிக்கவில்லை.

நான் பின்கட்டு வழியாகப் பட்டறைக்குப் போனேன். வண்டிக்குள் வெயில் கொதித்தது. தொட்டியை வடித்துவிட்டு, சிவப்புக் கோட்டை உடைத்து, நட்டைக் கழற்றினேன். முன்பு இரண்டு முறையும் பட்டைப் பார்க்காமல் பிய்த்து எறிந்திருந்தேன். இந்த முறை மெல்லப் பிரித்தேன்.

பட்டு வழுவழுவென்று விரலில் புரண்டது. நான் சுற்றிய மஞ்சள் இழை அங்கே இல்லை. விறைப்பு இல்லை. வெண்மையாக, மெலிந்து, மினுமினுப்பாக ஒரு கற்றை மரையில் தளர்ந்து கிடந்தது. மூக்கருகே கொண்டு போனேன். சவுக்காரமும் பூச்சியும் கலந்த அந்த வாடையை நான் பிறந்ததிலிருந்து அறிவேன். கதவுக்கு வெளியே, நான்கே அடி தூரத்தில், சித்தப்பாவின் அண்டாவிலிருந்து அதே வாடை வந்துகொண்டிருந்தது.

பட்டு வெந்திருந்தது.

ஆரணியில் இது தெரியாத குழந்தை கிடையாது. கச்சாப் பட்டில் சாயம் ஏறாது. கொதிநீரில் சோடாவும் சவுக்காரமும் போட்டு வேகவைத்தால் மேலே உள்ள பசை கரைந்து போகும், இழை மெலிந்து மெதுவாகும், பிறகுதான் சாயம். நான் எந்த அண்டாவில் பட்டு வேகிறதோ அதே அண்டாவின் தண்ணீரை எடுத்து, எந்த மூட்டையிலிருந்து பட்டுக்குச் சோடா போடுகிறார்களோ அதே மூட்டையிலிருந்து சோடா எடுத்து, விடிய விடிய என் இணைப்புகளை வேகவைத்திருக்கிறேன். பசை போனதும் இழை இளைத்து, மரையில் இடைவெளி விழுந்து, தண்ணீர் இறங்கியிருக்கிறது. அப்பா வருவதற்காகவே சுத்தம் செய்தேன். சுத்தம் செய்ததால்தான் ஒழுகிற்று. ஆகவே அப்பா வரும்போதெல்லாம் ஒழுகிற்று. கடைக்காரர், சித்தப்பா, அப்பா என்று மூன்று பேரைச் சந்தேகித்த நான் என் கையிலிருந்த வாளியைச் சந்தேகிக்கவில்லை.

அந்தக் கற்றையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அப்பாவிடம் திரும்பிப் போனேன். நான் சொன்னது தவறு, என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வரவில்லை.

"அதெல்லாம் மேடையில வச்சிக்கோ," என்றார்.

பிறகு பட்டை எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டினார். ஒரு நுனியை இழுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அவர் முகம் தறிக்காரரின் முகமாயிற்று.

"நல்லா பதமா வெந்திருக்குது. சாயத்துக்குப் போடலாம்."

சித்தப்பாவிடமும் போனேன். மாற்றுச் சாவியைக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவரையும் சந்தேகித்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், சொன்னேன். அவர் வேலையாட்களைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டீங்களா? நம்ம தண்ணி, நம்ம சோடா, நம்ம பட்டு. கூலி கேக்காம வேலை செஞ்சி குட்த்திருக்குது பொண்ணு. அத்த போயி குத்தம் சொல்லிகினு இருந்தேன்."

அன்று அவர்கள் சிரித்ததில் நான் குறித்துவைக்க எதுவும் இல்லை.

மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளை நாடாச் சுருளை எடுத்தேன். பத்துச் சுற்று என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நான் பன்னிரண்டு சுற்றினேன். கொதிநீர் ஊற்றி, சோடா ஊற்றி, இரண்டு நாள் தாள் வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. நம்புவதற்கு அப்போதும் முழு மனம் வரவில்லை.

ஆடி மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பாவின் ஜீப்புக்குப் பின்னால் வண்டி கிளம்பியது. அப்பா முன் இருக்கையில் உட்கார்ந்து, வழியெல்லாம் இடது கையை வயிற்றின் மேல் வைத்திருந்தார். வெம்பாக்கம் தாண்டி கிராமத்தை அடைந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. மேடைக்குப் பின்னால் இருந்த பள்ளிக்கூடத்துச் சுவரோரம் வண்டியை நிறுத்தினோம். அப்பா மாற்றுச் சாமான்கள் வைத்த மஞ்சள் துணிப்பையோடு உள்ளே போனார். தாழ் விழுந்தது. சிறிது நேரத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

வால்வுக்குக் கீழே நான் காலையிலேயே ஒரு செய்தித்தாள் துண்டை மடித்து வைத்திருந்தேன். அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். இப்போது வண்டியின் அடியில் குனிந்து, தரையின் இடுக்கு வழியாக ஏதாவது சொட்டுகிறதா என்று பார்த்தேன். தகரச் சுவருக்கு உள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"குனிஞ்சி பாத்துகினு இருக்காத. காகிதம் காஞ்சுதான் கீது. ஜல்தி மேடைக்குப் போ, கூப்புடறாங்க."

போனேன். நிம்மதி தருவது சேமிப்பா செலவா என்பது தலைப்பு. நான் சேமிப்பின் பக்கம். ஒலிவாங்கியின் முன் நின்று முதல் வரிசையைப் பார்த்தேன். பஞ்சாயத்துக்காரர்கள் இருந்தார்கள், அப்பா இல்லை. இரண்டாம் வரிசையிலும் இல்லை. வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் என் மனம் பழைய தொழிலைத் தொடங்கிவிட்டது. ஒழுகியிருக்கிறது, மறைக்கிறார், வண்டிக்குள்ளேயே இருக்கிறார்.

பிறகுதான் கண்டேன். கூட்டத்தின் கடைசியில், பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி, எழுந்தால் பத்தடியில் வண்டிக் கதவை எட்டிவிடும் இடத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு இருந்தது. இடது தோளா வலது தோளா என்று அவ்வளவு தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

அன்று நான் நேரத்தைத் தாண்டிப் பேசினேன். நடுவர் இரண்டு முறை மணி அடிக்க வேண்டியதாயிற்று.